நிறுவனம் நொடித்தால் ஒப்பந்தம் என்னாகும்?
பால்மரக் காடு முதல் விமானிகள் வரை ஒரு வரலாற்றுப் பார்வை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'மாப்பா' என்ற பெயரைச் சொன்னதும் பேராக் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குத் தோட்ட முதலாளிமார் சங்கம்தான் நினைவுக்கு வரும். மலாயா விவசாய உற்பத்தியாளர் சங்கம் என்பதன் சுருக்கம் அது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பல காலம் சம்பளத்தைப் பேசியது அந்த மாப்பாவுடன்தான். ஆனால், இந்த நாட்டில் இன்னொரு மாப்பாவும் உண்டு. மலேசிய ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கத்தையும் அதே சுருக்கப் பெயரில்தான் அழைத்தார்கள். ஒரு மாப்பா முதலாளிகளுக்காகப் பேசியது. மற்றொரு மாப்பா ஊழியர்களுக்காகப் பேசியது.

விமானி எங்கே, பால்மரம் வெட்டுகிறவர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், வேலை கொடுத்த நிறுவனமே நொடித்துப் போகும் நாளில் இருவருக்கும் முன்னால் எழும் கேள்வி ஒன்றுதான். சங்கம் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் அன்றைக்கு என்ன ஆகிறது? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மேசையே இல்லாத காலம்

முதலில் 1930-ஆம் ஆண்டுக்குப் போவோம். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. 1925-இல் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1932-இல் அது சில காசுகளுக்கு வந்துவிட்டது. தோட்டக் கம்பெனிகள் செலவைக் குறைக்க முதலில் கைவைத்தது தொழிலாளியின் நாட்கூலியில். ஆண்களுக்கு 50 காசு என்று நிர்ணயிக்கப்பட்டிருந்த கூலி 1930-இல் 40 காசாகக் குறைக்கப்பட்டது. பெண்களுக்கு 40 காசு 32 காசானது. பிறகு அதுவும் குறைந்தது.

இந்த முடிவை எடுத்தது அரசாங்க அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் அமர்ந்திருந்த ஒரு குழு. தொழிலாளர் சார்பில் பேச அன்று தோட்டங்களில் தொழிற்சங்கமே கிடையாது. கூலிக்குறைப்பு போதாது என்றபோது ஆட்குறைப்பு வந்தது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை என்று பொருள். காரணம் கேட்க இடமில்லை. கணக்குக் கேட்கவும் இடமில்லை.

கம்பெனிகளின் நெருக்கடி உண்மையானதுதான். விலை உண்மையாகவே விழுந்தது. ஆனால், அந்த நெருக்கடியின் பாரத்தை யார் எவ்வளவு சுமப்பது என்று பேசிய மேசையில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை.

மேசை கிடைத்தது, ஆனால்...

போருக்குப் பிறகு தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. 1948 ஜூன் 16-ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். இடதுசாரித் தொழிற்சங்கச் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு மாநிலவாரியாக இருந்த தோட்டச் சங்கங்கள் ஒன்றிணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதை வழிநடத்தினார்.

இப்போது மேசை கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் முதலாளிமார் சங்கம், மறுபக்கம் தொழிலாளர் சங்கம். ரப்பர் விலைக்கு ஏற்பக் கூலி ஏறி இறங்கும் முறை ஒப்பந்தங்களில் எழுதப்பட்டது. இதைக் குறை சொன்னவர்கள் பலர். சந்தையின் ஆபத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனாலும், விலை இந்த அளவுக்கு விழுந்தால் கூலி இந்த அளவுக்குத்தான் குறையலாம் என்று எழுத்தில் இருப்பது, முதலாளி நினைத்தபடி குறைப்பதைவிட மேல்.

அந்த மேசையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அது 1950-களின் நடுவில் வெளிப்பட்டது. சுதந்திரம் நெருங்க நெருங்க வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கிப் பலருக்கு விற்றார்கள். இதையே தோட்டத் துண்டாடல் என்கிறோம். ஒப்பந்தம் போட்ட கம்பெனி போய்விட்டது. பத்து ஏக்கர், இருபது ஏக்கர் வாங்கிய புதிய உடைமையாளர் முதலாளிமார் சங்கத்தின் உறுப்பினர் அல்லர். எந்த ஒப்பந்தமும் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார். மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. இந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆய்வு செய்து 1960-களின் தொடக்கத்தில் விரிவான அறிக்கை எழுதினார்.

ஒப்பந்தம் என்பது இரண்டு பேர் பிடித்திருக்கும் கயிறு போன்றது. ஒருவர் தம் முனையை விட்டுவிட்டால் மற்றவர் கையில் வெறும் கயிறுதான் மிஞ்சும். 1950-களில் நம் மக்கள் கற்ற பாடம் இது.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

இதற்குப் பதில் சுங்கை சிப்புட்டில் பிறந்தவரிடமிருந்து வந்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கிவிட்டால் துண்டாட யாரும் இருக்கமாட்டார்கள் என்பது கணக்கு. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். பிறகு பல தோட்டங்கள் அதன் கைக்கு வந்தன.

இதை நாம் சமுதாயச் சாதனை என்று பாராட்டுகிறோம், சரிதான். ஆனால், தொழிலாளர் வரலாற்றின் கோணத்தில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. முதலாளி விற்கும் நேரத்தில் தொழிலாளி வெறும் கூலிக்காரராக நிற்காமல், வாங்குகிறவராகவும் மேசைக்கு வந்தார். அந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அமெரிக்க விமானிகளிடம் அதைப் பார்க்கப் போகிறோம்.

சட்டமும் மெல்ல மாறியது. வேலைச் சட்டத்தின்படி, வியாபாரம் கைமாறுவதால் வேலை போகும் என்றால் சேவைக்காலத்துக்கு ஏற்ப நான்கு, ஆறு அல்லது எட்டு வார முன்னறிவிப்புத் தர வேண்டும். 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆட்குறைப்பு இழப்பீட்டை நிர்ணயித்தன. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். புதிய உடைமையாளர் ஏழு நாளுக்குள், குறையாத நிபந்தனைகளுடன் வேலையைத் தொடர முன்வந்தால் இழப்பீடு தேவையில்லை. அப்படி முன்வராவிட்டால் தர வேண்டும்.

கிந்தா பள்ளத்தாக்கின் அடி

நிறுவனம் நொடிப்பது மட்டுமன்று, ஒரு தொழிலே நொடிப்பதையும் ஈப்போ பார்த்திருக்கிறது. 1985 அக்டோபர் 24-ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. விலையைத் தாங்கிப் பிடித்து வந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துவிட்டது. ஈய விலை ஏறத்தாழப் பாதியானது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஈயம் வாரும் கப்பல்கள் குளங்களில் நின்றுபோயின. முடிவு லண்டனில் நடந்தது; வேலை போனது கம்பாரிலும் பத்து காஜாவிலும் ஈப்போவிலும். சுரங்கத் தொழிலாளர் பேசுவதற்கு எதிரில் ஆளே இல்லை.

மாஸ் கதை

இப்போது விமானத்துக்கு வருவோம். மலேசிய ஏர்லைன்ஸ், அதாவது நாம் அன்புடன் மாஸ் என்று அழைத்த நிறுவனத்தில், 1978 இறுதியிலும் 1979 தொடக்கத்திலும் பெரிய தொழிற்தகராறு எழுந்தது. விதிப்படி மட்டும் வேலை செய்யும் போராட்டத்தை விமான நிறுவன ஊழியர் சங்கம் நடத்தியது. ஊழியர்கள் பலர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டனர். சங்கத்தின் பதிவு ரத்தானது. 1980-இல் தொழிற்சங்கச் சட்டமும் தொழிலுறவுச் சட்டமும் இறுக்கப்பட்டன. அன்றைக்கு நிறுவனம் நொடிக்கவில்லை, வளர்ந்து கொண்டிருந்தது. வளரும் காலத்திலேயே சங்கத்தின் கை கட்டப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

2014-இல் அந்த நிறுவனத்துக்கு நேர்ந்தது உலகறிந்த துயரம். மார்ச் 8-இல் எம்.எச்.370 மறைந்தது, அதில் 239 பேர் இருந்தனர். ஜூலை 17-இல் எம்.எச்.17 உக்ரைன் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் மாண்டனர். ஏற்கெனவே நட்டத்தில் இருந்த நிறுவனம் எழ முடியாமல் போனது. பெரும் பங்குதாரரான கஸானா நேஷனல் ஆகஸ்டு 29-இல் மீட்புத் திட்டத்தை அறிவித்தது. 600 கோடி ரிங்கிட் முதலீடு, பங்குச் சந்தையிலிருந்து விலகல், சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேர் குறைப்பு ஆகியவை அதில் இருந்தன.

இதற்காக நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டத்தையே இயற்றியது. 2015 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பழைய நிறுவனத்துக்கு நிர்வாகி ஒருவர் நியமிக்கப்பட்டார். புதிதாக மலேசியா ஏர்லைன்ஸ் பெர்ஹாட் என்ற நிறுவனம் உருவானது. இந்தப் புதிய நிறுவனம், ஊழியர்களைப் பொறுத்தவரை பழைய நிறுவனத்தின் வாரிசு முதலாளியாகக் கருதப்படாது என்று சட்டம் சொன்னது. இந்த ஒரு வாசகத்தில்தான் நமது கேள்விக்கான பதில் இருக்கிறது. வாரிசு இல்லை என்றால், பழைய கூட்டு ஒப்பந்தங்களும் அதற்குத் தொடராது.

2015 ஜூன் முதல் நாள், தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ்டோப் முல்லர், நிறுவனம் நடைமுறையில் திவாலாகிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த வேளையில் எல்லா ஊழியருக்கும் பணிமுடிவுக் கடிதம் சென்றது. சுமார் 14,000 பேருக்குப் புதிய நிறுவனத்தில் வேலைக்கான கடிதமும் கூடவே வந்தது. செப்டம்பர் முதல் தேதி புதிய நிறுவனம் பறக்கத் தொடங்கியது.

நேர்மையாகப் பேசினால், இதில் மறுபக்கமும் உண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் 20,000 பேரும் தெருவுக்கு வந்திருக்கலாம். இழப்பீட்டுக்கும் மறுபயிற்சிக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. தேசிய விமான நிறுவனம் தப்பியது. ஆனால், பல ஆண்டுகளாகச் சங்கங்கள் சேர்ந்து எழுதிய ஒப்பந்தம் 14,000 தனிக் கடிதங்களாக மாறியது. விமானியும் பணிப்பெண்ணும் சுமை தூக்குபவரும் தத்தம் கடிதத்தைத் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக முடிவெடுத்தார்கள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் காட்சியை எனக்கு அது நினைவூட்டுகிறது.

அமெரிக்க விமானிகள் கற்ற பாடம்

அமெரிக்காவில் இதே சோதனை பலமுறை நடந்திருக்கிறது. 1983 செப்டம்பரில் காண்டினென்டல் ஏர்லைன்ஸ் அதிபர் ஃபிராங்க் லொரென்ஸோ திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனார். தொழிற்சங்க ஒப்பந்தங்களைத் தூக்கி எறிந்தார். 12,000 ஊழியர்களை நிறுத்தி, அவர்களில் சுமார் 4,000 பேரை ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்குத் திரும்ப அழைத்தார். விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1985 வரை நீடித்த அது தோற்றது. விமானங்கள் பறந்து கொண்டே இருந்தன.

ஆனால், அந்தத் தோல்வியின் சத்தம் நாடாளுமன்றத்தை எட்டியது. 1984-இல் திவால் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி நிறுவனம் தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. முதலில் சங்கத்திடம் தன் கோரிக்கையை வைக்க வேண்டும். கணக்குகளைக் காட்ட வேண்டும். நல்லெண்ணத்துடன் பேச வேண்டும். அதற்குப் பிறகே, அவசியம் இருந்தால், நீதிபதி முறிக்க அனுமதிப்பார். இந்தச் சட்டம் விமானிகளின் சம்பளத்தைக் காப்பாற்றவில்லை. யுனைட்டெட் ஏர்லைன்ஸ் ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டங்கள் 2005-இல் கைவிடப்பட்டதை அது தடுக்கவில்லை. ஆனால், மேசையைக் காப்பாற்றியது.

அந்த மேசையை மிகத் திறமையாகப் பயன்படுத்தியவர்கள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள். 2011 நவம்பர் 29-இல் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. விமானிகள் சங்கமும் மற்ற இரு சங்கங்களும் தங்கள் முதலாளியோடு மட்டும் பேசிக்கொண்டு இருக்கவில்லை. 2012 ஏப்ரலில் போட்டி நிறுவனமான யு.எஸ். ஏர்வேஸுடன், இரண்டும் இணைந்தால் இன்னின்ன நிபந்தனை என்று முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டன. ஆகஸ்டில் தங்கள் நிறுவனத்தின் கோரிக்கையை விமானிகள் வாக்களித்து நிராகரித்தார்கள். செப்டம்பரில் நீதிபதி பழைய ஒப்பந்தத்தை முறிக்க அனுமதித்தார். அப்போதும் அவர்கள் கலங்கவில்லை. கையில் மாற்றுவழி இருந்தது. டிசம்பரில் புதிய ஒப்பந்தம் நிறைவேறியது. 2013 டிசம்பரில் இணைப்பும் நடந்தது.

நம் துன் சம்பந்தன் 1960-இல் செய்ததும் இதுதான் அல்லவா? எதிரில் இருக்கும் முதலாளி மட்டுமே ஒரே வழி என்று இருந்துவிடாமல், இன்னொரு வாங்குபவரை மேசைக்குக் கொண்டுவருவது.

ஜெட் ஏர்வேஸின் கடைசி வரிசை

எதிர்மாறான உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. ஜெட் ஏர்வேஸ் 2019-இல் பணமின்றித் தவித்தது. மாதக்கணக்கில் சம்பளம் வராத விமானிகள், பறக்க மறுப்போம் என்று நாள் குறித்தார்கள், பிறகு ஒத்திவைத்தார்கள். 1,500 கோடி ரூபாய் கடனை விடுவிக்கும்படி வங்கியிடம் கெஞ்சினார்கள். ஏப்ரல் 17-ஆம் தேதி நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. ஜூன் மாதம் திவால் வழக்குத் தொடங்கியது. அதன்பிறகு முடிவெடுக்கும் குழுவில் அமர்ந்தவை வங்கிகள். ஊழியர்களின் சேமநிதியும் பணிக்கொடையும் தரப்பட வேண்டும் என்ற தீர்ப்பை 2023-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால், புதிய உடைமையாளர் வரவேயில்லை. 2024 நவம்பர் 7-இல் அதே நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைத்து விற்க உத்தரவிட்டது. ஐந்தரை ஆண்டு காத்திருந்தவர்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டில் கம்பெனி கலைக்கப்பட்டால் சம்பள பாக்கி எங்கே நிற்கிறது? அடமானம் பெற்ற வங்கி தன் சொத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளும். கலைப்புச் செலவு முதலில் போகும். அதன்பிறகு, கடைசி நான்கு மாத சேவைக்கான சம்பளம், ஒருவருக்கு 15,000 ரிங்கிட் உச்சவரம்புக்குள், முன்னுரிமை பெறும். மேலும், 2023 முதல் வேலைச் சட்டம் எல்லா ஊழியருக்கும் விரிவாக்கப்பட்டாலும், சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீடு மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுவோருக்குத்தான். அதற்கு மேல் வாங்குகிறவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கதி. ஆகவே, கூட்டு ஒப்பந்தம் தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் தேவை என்று எண்ணும் பட்டதாரிப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். 2018 ஜனவரி முதல் சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம் ஓரளவு கைகொடுக்கும்; ஆனால், அது வேலை போன பிறகு வரும் உதவி.

தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, லாபம் வரும் ஆண்டில் போடும் ஒப்பந்தத்திலேயே, நிறுவனம் கைமாறினால் அல்லது கலைக்கப்பட்டால் என்ன நடக்கும் என்ற பிரிவை எழுதிக்கொள்ளுங்கள். நெருக்கடி வந்த பிறகு அதைக் கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள். இரண்டாவது, கணக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவரைச் சங்கத்தில் வைத்திருங்கள். சேமநிதிச் சந்தா இரண்டு மாதம் தாமதமானால் அது ஏதோ மறதி என்று விட்டுவிடாதீர்கள். நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அங்குதான் தெரியும். மூன்றாவது, நிறுவனத்தைக் காப்பாற்றச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க நேரலாம். விட்டுக்கொடுங்கள், ஆனால், சும்மா கொடுக்காதீர்கள். எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற தேதியோ, பங்கோ, நிர்வாகத்தில் ஓர் இடமோ பதிலுக்குக் கேளுங்கள்.

நிறைவாக ஒன்று. 1930-இல் கப்பலேறியவர்களுக்குக் கேள்வி கேட்க மேசை இல்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் சிறைக்குப் போய், உயிரைக் கொடுத்து, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நமக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். நம் பேரப்பிள்ளைகள் இன்று விமானம் ஓட்டுகிறார்கள், மகிழ்ச்சி. அவர்கள் தங்கள் வேலைக்கடிதத்தைப் படிப்பதோடு, கூட்டு ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். இந்த வாரமே சொல்லுங்கள்.